புராஜெக்ட் கோப்பு ஏன் கனக்கிறது? படத்தொகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி தடுமாறத் தொடங்கியதுமே புதிய ஹார்ட் டிஸ்க் வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பிவிடுவது, கோலாலம்பூரில் திருமணக் காணொளிகளைத் தொகுக்கும் இளைஞர்கள் பலரிடம் நான் காணும் வழக்கம். டிஸ்க் நிரம்பியிருந்தால் அந்தச் செலவு நியாயமானதே. ஆனால் பெருத்துப்போனது புராஜெக்ட் கோப்பாக இருந்தால், எத்தனை டெராபைட் வாங்கிச் சேர்த்தாலும் அந்தக் கோப்பின் கனம் அப்படியேதான் இருக்கும்.

பிரீமியர் புரோ என்னும் படத்தொகுப்பு மென்பொருளில் நாம் சேமிக்கும் புராஜெக்ட் கோப்புக்குள் படமோ ஒலியோ கிடையாது. எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் உள்ளது, அது டைம்லைன் என்னும் தொகுப்பு வரிசையில் எங்கே வெட்டப்பட்டது, அதன்மேல் என்னென்ன எஃபெக்டுகள் போடப்பட்டுள்ளன என்ற குறிப்புகளே எக்ஸ்எம்எல் என்னும் எழுத்து வடிவில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவான ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 45 ஜிகாபைட் இடம் பிடிக்கும். அதையே 4கே அளவில், வினாடிக்கு 25 ஃபிரேமில், தொகுப்புக்கான உயர்தரக் காணொளி வடிவமான புரோரெஸ் 422 எச்கியூவாக மாற்றினால் 330 ஜிகாபைட்டைத் தொடும். இந்த இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் புராஜெக்ட் கோப்பின் அளவில் பெரிய வேறுபாடு இராது. ஆகவே அந்தக் கோப்பு சில மெகாபைட்டில் நிற்காமல் நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு வளர்ந்திருந்தால், காரணத்தைக் கேமராவில் தேடாமல் கோப்புக்குள் தேட வேண்டும். அது சுருக்கப்பட்ட கோப்பு என்பதையும் மறக்கலாகாது; திறக்கும்போது அது நினைவகத்தில் விரிந்து, டிஸ்க்கில் காட்டும் அளவைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்.

நான் அதிகம் கண்ட காரணம், காட்சியின் ஆட்டத்தைக் குறைக்கும் எஃபெக்டான வார்ப் ஸ்டெபிலைசர். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் காவடிக்குப் பின்னாலேயே ஏறிச் சென்று எடுத்த காட்சிகள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தொகுப்பறைக்கு வந்தன. கூட்ட நெரிசலில் கையில் பிடித்து எடுத்தவை என்பதால் அனைத்துமே ஆடின. ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று, இன்னும் வெட்டாத கிளிப்புகள் அத்தனையையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து அந்த எஃபெக்டைப் போட்டுவிட்டோம். அது ஒவ்வொரு ஃபிரேமையும் ஆராய்கிறது. 25 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,500 ஃபிரேம்கள். ஆராய்ந்து கண்டறிந்த விவரங்கள் அனைத்தும் புராஜெக்ட் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. பிறகு அந்தக் கிளிப்பைத் துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் அந்த எஃபெக்டைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

இதன்மேல் இரண்டாவது தவறும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்பாகப் பாதுகாப்புக்கென்று சீக்வென்ஸை (டைம்லைனில் அடுக்கிய தொகுப்பை) நகல் எடுத்து, ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்டு அதே புராஜெக்டில் வைத்திருந்தோம். நகல் எடுக்கப்பட்ட சீக்வென்ஸ் எஃபெக்டுகளின் விவரங்களையும் மறுபடி சுமக்கும். ஒன்பது நகல்கள் சேர்ந்தபோது கோப்பு 600 மெகாபைட்டைக் கடந்திருந்தது. காலையில் அதைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினாலும் சாம்பல் நிறப் பட்டை பாதிவரைதான் நகர்ந்திருக்கும்.

தானியங்கிச் சேமிப்பு ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் புதிதாக எழுதுவதால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் உறைந்து நின்றது. உடன் பணிபுரிந்த தம்பி தானியங்கிச் சேமிப்பையே நிறுத்திவைத்துவிட்டார். மறுநாள் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோதுதான் அது தெரியவந்தது. “அண்ணே, சேவ் ஆகும்போதெல்லாம் நின்னு நின்னு போகுது, அதான் ஆஃப் பண்ணிட்டேன்” என்றார். ஒரு நாள் உழைப்பு போயிற்று. இந்தப் பட்டியலில் மிக ஆபத்தான தவறு இதுவே என்பது என் கருத்து. சேமிப்பு தடங்குகிறது என்றால் கோப்பு பெருத்துவிட்டது என்று பொருள். குறைக்க வேண்டியது கோப்பின் கனத்தை. 600 மெகாபைட் கோப்பின் 20 தானியங்கி நகல்கள் 12 ஜிகாபைட் பிடிக்கும் என்பதும் உண்மை. அது உறுத்தினால் நகல்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரியான வரிசை இதுதான்: முதலில் வெட்டி முடிக்க வேண்டும், இறுதித் தொகுப்பில் தங்கிய துண்டுகளில் உண்மையிலேயே ஆடுபவற்றுக்கு மட்டும் ஸ்டெபிலைசரைப் போட வேண்டும். அவை பல என்றால், தனியொரு புராஜெக்டில் அந்த வேலையைச் செய்து, புரோரெஸ் போன்ற தரமான வடிவில் ஏற்றுமதி செய்து, அந்தக் காணொளியை மட்டும் முதன்மைப் புராஜெக்டுக்குள் கொண்டுவரலாம். கனமெல்லாம் அந்தத் தனிப் புராஜெக்டோடு நின்றுவிடும். பழைய நகல் சீக்வென்ஸ்களை அழிக்க மனம் வராதவர்கள், அவற்றைத் தனிப் புராஜெக்டாக ஏற்றுமதி செய்துவிட்டு, முதன்மைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாம்.

சென்ற ஆண்டுத் திருமணத்தின் புராஜெக்டையே வேறு பெயரில் சேமித்து இந்த ஆண்டுத் திருமணத்தைத் தொடங்குவதும் பரவலான பழக்கம். தலைப்பு எழுத்துகளும் வண்ண அமைப்புகளும் தயாராக இருக்கின்றன என்பது அதன் வசதி. முந்தைய குடும்பத்தின் நலங்கும் விருந்துபசரிப்பும் குறிப்புகளாக உள்ளேயே தங்கிவிடுவது அதன் விலை. தலைப்புகளும் அமைப்புகளும் மட்டும் உள்ள ஒரு வெற்றுப் புராஜெக்டைச் செய்து வைத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் பயன்படாத கிளிப்புகளை நீக்கும் ‘ரிமூவ் அன்யூஸ்ட்’, இரட்டிப்பானவற்றை ஒன்றாக்கும் ‘கன்சாலிடேட் டூப்ளிகேட்ஸ்’ ஆகிய கட்டளைகள் உதவும். ஆனால் பழைய சீக்வென்ஸ் ஒன்று உள்ளே இருக்கும்வரை அதன் கிளிப்புகள் பயன்பாட்டில் உள்ளவையாகவே கணக்கிடப்படும். நாம் இனிமேல் பயன்படுத்த எண்ணியிருக்கும் கிளிப்புகளோ பயனற்றவையாகக் கருதப்பட்டுப் பட்டியலிலிருந்து மறையும். எனவே நகல் எடுத்துவைத்த பிறகே அவற்றை இயக்க வேண்டும். பல நாள் நிகழ்ச்சிகளுக்கு, 2020இல் பிரீமியர் புரோவில் சேர்க்கப்பட்ட ‘புரொடக்‌ஷன்ஸ்’ வசதி பொருத்தமானது. பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து புறப்படுவது ஒரு புராஜெக்ட், தண்ணீர்மலைக் காட்சிகள் இன்னொரு புராஜெக்ட் என்று பிரித்துவைத்து, ஒரே பணியாக நடத்தலாம்.

பிராக்ஸி (தொகுக்கும்போது மூலக் காட்சிக்குப் பதிலாகப் பயன்படும் இலகுவான நகல்) செய்தால் புராஜெக்ட் இலகுவாகும் என்பது தவறான நம்பிக்கை. பிராக்ஸி கணினியின் செயலிக்குத்தான் ஓய்வு தருகிறது. டிஸ்க்கில் கூடுதல் இடம் கேட்கிறது. மென்பொருள் தன் வேகத்துக்காகத் தானே உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளான மீடியா கேஷும் அப்படியே. அது பெரும்பாலும் சி டிரைவில் சேர்ந்துகொண்டே போகும். மென்பொருளை மூடிவிட்டு அச்சமின்றி அழிக்கலாம், தேவைப்படும்போது மீண்டும் உருவாகிவிடும்.

மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறும். டாவின்சி ரிசால்வில் புராஜெக்ட் ஒரு தரவுத்தளத்துக்குள் இருப்பதால், கோப்பைத் தனியே ஏற்றுமதி செய்து வைக்காதவர் கணினியைத் துடைத்து அமைக்கும்போது அதை இழந்துவிடுவார். ஃபைனல் கட் புரோவில் காட்சிகளை லைப்ரரிக்குள் நகலெடுக்கும் தேர்வை விட்டுவைத்தால் லைப்ரரியே காட்சிகளின் அளவுக்குப் பெருக்கும். அவற்றை இருந்த இடத்திலேயே விடும் தேர்வைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடம் போதவில்லை என்று பணி முடிந்தபின் அழிக்கத் தொடங்குபவர்கள், முதலில் கேஷையும், பிறகு பிராக்ஸியையும், அதன்பின் முன்னோட்டத்துக்காக உருவான ரெண்டர் கோப்புகளையும் அழிக்கட்டும். மூலக் காட்சிகளையும் புராஜெக்ட் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, அதன் பிரதிகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் வையுங்கள். முதலாண்டுத் திருமண நாளுக்கு மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்று வேண்டுமென்று தம்பதியர் கேட்டு வரும்போது, மூலக் காட்சிகளும் புராஜெக்ட் கோப்பும் இருந்தால் மற்ற அனைத்தையும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.