நல்லூர் முதல் கோட்டை வரை: யாழ்ப்பாணத்தின் பழைய கட்டடங்களைக் குழுவாகச் சைக்கிளில் பார்க்க

யாழ்ப்பாணத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது. நல்லூரிலிருந்து கோட்டைக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர்தான். ஆளைக் களைக்க வைப்பது வெயில். அதனால் காலையில் நல்லூர்ப் பக்கம், மாலையில் கோட்டைப் பக்கம் என்று இரண்டாகப் பிரியுங்கள். பத்து மணி முதல் மூன்றரை வரை சைக்கிளைத் தொடவே வேண்டாம். மழையும் காற்றும் குறைந்த தை முதல் பங்குனி வரையான காலம் நல்லது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கோட்டைக்குப் போகும்போது எதிர்காற்றில் மிதிக்க வேண்டிவரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அந்த நாட்களைத் தவிருங்கள்.

ஆறு முதல் எட்டுப் பேர் அளவான குழு. பத்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் விடுங்கள். இல்லாவிட்டால் சந்திகளில் பாதிப்பேர் அங்கும் பாதிப்பேர் இங்குமாக நிற்பார்கள். பாதை தெரிந்தவர் முன்னுக்கு, ரியூப்புக்கு ஒட்டுப்போடத் தெரிந்தவர் கடைசிக்கு. கனடா, பிரான்ஸ், நோர்வேயில் ஓடிப் பழகியவர்களுக்கு இங்கே இடப்பக்கம் ஓடுவது சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போதுதான் குழம்பும். அந்த இடங்களில் இறங்கி உருட்டிக்கொண்டு கடப்பது வெட்கமில்லை.

சைக்கிள்களை இரண்டு நாள் முன்னரே சொல்லிவைத்து, முதல்நாள் மாலையே எடுத்துவிடுங்கள். எல்லாம் ஒரே அளவுச் சில்லாக இருக்கட்டும். 26 அங்குலமும் 28 அங்குலமும் கலந்தால் மாற்று ரியூப்பும் இரண்டு வகை வேண்டும். எடுக்கும்போது சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். றிம் நெளிந்திருந்தால் பிறேக் கட்டை ஒரு பக்கம் உரசும், பிடிக்கவேண்டிய நேரத்தில் வழுக்கும். அதைத் திருத்த நிற்காமல் வேறு சைக்கிள் கேளுங்கள். குழுவுக்குக் காற்றடிக்க ஒரு பம், இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், சீற் உயர்த்த ஒரு ஸ்பானர் போதும். வீதியோரப் புல்லில் நிறுத்தினால் நெருஞ்சி முள் ஏறும். ஒட்டுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவி முள்ளை எடுங்கள். அது உள்ளே இருந்தால் புது ரியூப்பும் அரை மணியில் போய்விடும்.

காலை ஆறு மணிக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயில். ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க முடியாது. போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தபின் வேறிடத்தில் எழுந்தது இது. 1734 என்பது இதன் தொடக்கம். அடுத்து பருத்தித்துறை வீதியில், யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் பெயரால் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வாசல், மந்திரிமனை. இரண்டும் அரசர் காலத்தவை என்று பலர் சொல்வார்கள். நின்று பாருங்கள்: வளைவுகளிலும் தூண்களிலும் ஐரோப்பியர் காலக் கைவேலை தெரியும். இடம் அந்த அரசர்களுக்குரியது, கட்டடம் பிந்தியது. மந்திரிமனையில் முன்முகப்பின் மரவேலைதான் அழகு, அதை வெளியில் நின்றே பார்க்கலாம். சிதைந்த கட்டடம் என்பதால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். ஒழுங்கைக்குள் இருக்கும் யமுனா ஏரி ப வடிவக் கேணி, படிகள் வழுக்கும்.

மாலையில் 1882இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம். நூலகத்துக்குள் பார்வையாளரை விடும் நேரம் குறைவு. முதல்நாளே வாசலில் கேட்டு வையுங்கள்.

கோட்டைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக்கினார்கள். சுவரில் கையளவு தூரத்தில் பார்த்தால் முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறைக் கல்லின், துளைகள் தெரியும். உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் உள்நாட்டுப் போரில் கற்குவியலாகிவிட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கும் உள்ளூர் அடையாள அட்டைக்கும் கட்டணம் வேறு என்பதால் காசைத் தனித்தனியே சேருங்கள். சைக்கிள்களை வெளியே ஒரே சங்கிலியில் பூட்டலாம்.

மதிலில் நின்று பொழுதுபடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இருட்டிவிடும். வாடகைச் சைக்கிளில் பெரும்பாலும் லைற் இருக்காது. ஆளுக்கொரு கிளிப் லைற் நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், கடைசி ஆளுக்குச் சிவப்பு.