குழுவை இடம் மாற்றியபோது

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தொலைபேசியில் ஒரு குழு நடத்துகிறேன். பழைய செயலியில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கடந்தகால வினாத்தாள்கள் புதைந்துபோயின. "சேர், அந்தப் பொருளியல் வினாத்தாளை மறுபடி அனுப்புங்கள்" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். என் தொலைபேசியிலோ இடமே இருக்காது.

டிசம்பர் விடுமுறையில் டெலிகிராம் செயலிக்கு மாறினோம். புதியவர்களும் பழைய செய்திகளைப் பார்க்கலாம் என்ற அமைப்பை முதலில் இயக்கினேன். கோப்புகள் சேவையகத்தில் இருப்பதால், தொலைபேசியில் சேர்ந்த பிரதிகளை அழித்தாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பாடத்துக்கு ஒரு தலைப்பாகக் குழுவைப் பிரித்தேன்.

பெற்றோர் தயங்கியது வேறு காரணத்துக்காக. பெண் பிள்ளைகளின் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றார்கள். மிக நியாயமான பயம். தோட்டத்து வீட்டு வரிசைகளான லயன்களுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். கொழுந்து பறித்துத் திரும்பிய அம்மாமார் பக்கத்தில் நின்று பார்க்க, தனியுரிமைப் பகுதியில் இலக்கத்தை யாருக்கும் காட்டாதபடி மாற்றிக் கொடுத்தேன். ஏற்கனவே அதைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அன்றே பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்தினோம். டேட்டா மிஞ்சுகிறது.

பழைய குழுவை மூடவில்லை. இரண்டு வீடுகளில் இன்னும் அந்தச் செயலி மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கு வினாத்தாள்களை அங்கேயே அனுப்புகிறேன்.