கடுகளவு இதயத் தசை: பயாப்சி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். வாளியில் சேர்ந்த பாலுக்கு நேரத்தோடு அமோனியா விடாவிட்டால், ஸ்டோர் போய்ச் சேர்வதற்குள் கட்டியாகிவிடும் என்பார். நான் இன்று இதயத் தசைத் துணுக்குகளில் மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கிறேன். இங்கே நடக்கும் பெரிய தவறும் அந்தத் தாமதம்தான்.

பயாப்சியில், கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய இடுக்கியைச் செலுத்தி, வலது கீழறையின் இடைச்சுவரில் கிள்ளி எடுக்கும் துணுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது அதிலுள்ள ஆர்என்ஏ. வெளியே வந்ததுமே அது சிதையத் தொடங்கிவிடும். திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏ காக்கும் கரைசலிலோ உடனே போட வேண்டும். குழாய் எடுத்து வைப்பது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது எல்லாம் நோயாளி மேசைக்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். ஒருமுறை சீட்டுக்காகத் தாமதித்து, ஒருவர் வலி பொறுத்துக் கொடுத்ததை வீணாக்கினோம். இன்றும் மனம் உறுத்துகிறது.

எல்லாவற்றையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாதீர்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது சரி. ஆர்என்ஏவையோ அது துண்டாக்கிவிடும். அந்த ஃபார்மலினைப் பனிக்கட்டியில் வைப்பதும் தவறு. குளிரில் தசை சுருங்கி, இல்லாத சேதம் இருப்பதுபோல் தெரியும். அறை வெப்பநிலையே போதும்.

அழற்சி இதயத்தில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஒரே துணுக்கில் அது இல்லையென்றால் நோயே இல்லை என்று ஆகாது. அதனால்தான் குறைந்தது 5 துணுக்குகளாவது எடுக்கிறார்கள். நோயறிதலுக்கு வேண்டியது முதலில், மிச்சம்தான் ஆய்வுக்கு. சுவர் துளைபடும் ஆபத்து அரிதானாலும் உண்டு. ஆய்வுக்கென்று கூடுதலாக ஒன்று கிள்ளுவதானால், தோட்டத்துப் பெரியவரிடம் தமிழிலேயே விளக்கிச் சம்மதம் கேளுங்கள்.

எண்கள் வந்தபின் அவசரப்படுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இதயத்தில் தசைச் செல்கள் பருமனில் பெரியவை, எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. நார்த்திசு பெருகிய துணுக்கில் ஒரு தசைப் புரதம் குறைந்தால், தசை அதைக் குறைவாகச் செய்கிறதா, அல்லது அந்தத் துணுக்கில் தசையே குறைவா? ஒரு பகுதியைச் சாயமேற்றிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

ஒப்பீடும் அப்படித்தான். மாற்று அறுவையில் அகற்றிய இதயம் பல ஆண்டு மருந்து கண்டது. புதிய நோயாளியோடு அதை ஒப்பிட்டால் நோயின் விளைவும் மருந்தின் விளைவும் கலந்துவிடும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், விரிந்த இதயம் கொண்டவர்களிடம் பீட்டா தடுப்பு மருந்துக்கு முன்னும் 6 மாதம் கழித்தும் துணுக்கு எடுத்தார்கள். மயோசின் என்பது தசையைச் சுருங்கச் செய்யும் புரதம்; ஆல்ஃபா, பீட்டா அதன் இரு வகைகள். இதயம் தேறியவர்களிடம் ஆல்ஃபா மயோசினின் ஆர்என்ஏ கூடியது, பீட்டா மயோசினுடையது குறைந்தது. அவரவரே அவரவருக்கு ஒப்பீடு.

ஊரில் அக்காமார் கேட்பது வேறு: “அப்பாவுக்கு இதயத் தசை தடிப்பு. பிள்ளைக்கும் பயாப்சி எடுக்கணுமா?” வேண்டாம் அக்கா. பரம்பரை மரபணு மாற்றத்தை இரத்தத்திலேயே பார்க்கலாம். முதலில் பிள்ளைக்கு எக்கோவும் இசிஜியும் எடுக்கச் சொல்லுங்கள்.