எல்இடி இண்டிகேட்டர் மாட்டியதும் நான்கும் சேர்ந்து மின்னுகிறதா?

பல்பு இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் வரும் தொல்லை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, படபடவென்று வேகமாக மின்னும். இன்னொன்று, இடது பக்கம் போட்டால் வலதும் சேர்ந்து மின்னும். முதலாவதற்கு யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது இரண்டாவது. நான் சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரி உள்ள இருசக்கர வண்டிக்கு.

படி 1: மாட்டும் முன் பார்ப்பது
புது இண்டிகேட்டரின் வயர்களைப் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். எரியவில்லையென்றால் மாற்றித் தொடுங்கள். பல்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் எதுவானாலும் சரி, எல்இடிக்கு அப்படியில்லை. பாசிட்டிவ் வயரில் டேப் சுற்றி வையுங்கள். நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். ஹோண்டாவில் எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் வயர்) பச்சை, யமஹாவில் கறுப்பு. தனியாக வாங்கும் விளக்கில் வேறு ஏதாவது இருக்கும்.

படி 2: எர்த்
சில வண்டிகளில் பழைய இண்டிகேட்டரின் இரும்புத் தண்டே எர்த். புதியது ரப்பர் தண்டு என்றால் அதற்குத் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். பெயின்ட் மேல் திருகினால் ஆகாது, சுரண்டிவிட்டுத் திருகுங்கள்.

படி 3: ஃபிளாஷர் ரிலே
இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைப்பது இந்த ரிலேதான். ஒரு பக்கம் 10 வாட் பல்பு இரண்டு என்றால் மொத்தம் 20 வாட். எல்இடி இரண்டும் சேர்ந்து சில வாட்தான் இழுக்கும். பழைய ரிலே அதைப் பார்த்து ஒரு பல்பு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது, அல்லது அடிக்காமலே நிற்கிறது. எல்இடிக்கென்றே வரும் மூன்று பின் எலக்ட்ரானிக் ரிலே வாங்குங்கள். பி என்பது பேட்டரி, எல் விளக்கு, இ எர்த். பின்களின் வரிசை ரிலேக்கு ரிலே மாறும், அதனால் எழுத்தைப் பார்த்து இணையுங்கள். பழைய ரிலே செருகியிருந்த கப்ளரில் இரண்டு வயர்தான் இருக்கிறதென்றால் எர்த்தைத் தனியாகக் கொடுங்கள்.

பழைய ரிலேயையே வைத்துக்கொண்டு, பல்பு அளவுக்குக் கரன்ட் இழுக்க எல்இடியோடு ரெசிஸ்டர் போட்டாலும் வேலை நடக்கும். எனக்குப் பிடிக்காது. 6.8 ஓம் ரெசிஸ்டர் 13.5 வோல்டில் எரியும் நேரமெல்லாம் 27 வாட் சூட்டைக் கக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் உருகிவிடும்.

படி 4: நான்கும் மின்னும் சிக்கல்
இது மீட்டரில் இடது, வலது இரண்டுக்கும் ஒரே விளக்கு உள்ள வண்டிகளுக்கு மட்டும். இரண்டு விளக்கு இருந்தால் வேலை முடிந்தது.

அந்த ஒற்றை பல்பின் ஒரு முனை இடது வயரிலும் மறு முனை வலது வயரிலும் இருக்கும். இடது போட்டால் கரன்ட் மீட்டர் பல்பு வழியாக வலது இண்டிகேட்டருக்குள் போய் எர்த் தேடும். அந்தச் சின்னக் கரன்ட்டில் பழைய பல்பு எரியாது, எல்இடி எரிந்துவிடும். உறுதிசெய்ய, மீட்டர் பல்பைப் பிடுங்கிவிட்டு இண்டிகேட்டர் போடுங்கள். மறுபக்கம் அடங்கிவிட்டால் இதேதான்.

1என்4007 டையோடு இரண்டு எடுங்கள். டையோடு கரன்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடும். ஒரு ஓரத்தில் வெள்ளிக் கோடு இருக்கும். மீட்டர் பல்புக்கு வரும் இரண்டு வயரையும் ஹோல்டருக்கு அருகே வெட்டுங்கள். வண்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரிலும் ஒரு டையோடின் கோடு இல்லாத முனையைச் சால்டர் செய்யுங்கள். கோடுள்ள இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கி ஹோல்டரின் ஒரு வயரில் கொடுங்கள். இன்னொரு வயர் எர்த்துக்கு. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) முதலிலேயே வயரில் நுழைத்துவிடுங்கள், அப்புறம் உள்ளே போகாது. வெறும் டேப் போதும் என்பார்கள். வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும், ஹீட் ஷ்ரிங்க்தான் நிற்கும். மீட்டருக்குள்ளும் எல்இடி பல்பு போடுவதானால் அதன் பாசிட்டிவ் டையோடு பக்கம் வர வேண்டும்.

பின்சேர்ப்பு: ஹசார்டு ஸ்விட்ச் (நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்ன வைப்பது) உள்ளவர்கள் கேட்டிருந்தார்கள். பழைய இணைப்பில் ஹசார்டு போட்டால் மீட்டர் பல்பின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் வருவதால் அது எரியாது. டையோடு போட்ட பிறகு எரியும், அது கோளாறு அல்ல.

இன்னும் ஒன்று. வலது போட்டால் இடதும் மின்னுகிறது, இடது போட்டால் மீட்டரில் விளக்கே வரவில்லை என்றால், இடது வயரில் உள்ள டையோடு தலைகீழாக இருக்கிறது. அதை மட்டும் திருப்பிப் போடுங்கள்.