தொப்பூர் மேட்டில் பழைய காரை நிற்காமல் ஏற்ற

சேலத்திலிருந்து தருமபுரி வரும் பழைய அம்பாசடரோ பத்மினியோ மக்கர் பண்ண இடம் தேடினால், பெரும்பாலும் தொப்பூர் மேட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். அதைத் தாண்டினால் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசை, அதற்கப்புறம் சூளகிரி ஏற்றம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஓசூர் சுமார் 900 மீட்டர். சித்திரை வெயிலில் ஆறு பேரும் சாமான் மூட்டையுமாக இந்த உயரத்தை ஏறச் சொன்னால், அம்பாசடருக்கு மூலமான 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இன்ஜின் முனகத்தான் செய்யும். டிக்கியில் பத்து லிட்டர் தண்ணீர் கேனும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல்லும், வண்டி நின்றதும் குதித்து ஓடி அந்தக் கல்லை வைக்க வீட்டுக் கடைக்குட்டியும் இல்லாமல் எந்தக் குடும்பமும் கிளம்பியதில்லை. கடைக்குட்டிகள் வளர்ந்துவிட்டார்கள். கல் மட்டும் இன்னும் தேவைப்படுகிறது, ஏனென்றால் அந்த ஹேண்ட்பிரேக்கை ஏற்றத்தில் நம்ப முடியாது.

இங்கே சொல்வது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு: அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800. இவை வழியில் நிற்பதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாதிக்கு மேல் சூட்டினால் வருபவை. அதனால் காலையில் வீட்டு வாசலில் நன்றாக ஓடிய வண்டி பதினோரு மணிக்கு மேட்டில் நிற்கும். மெக்கானிக் வந்து சேரும்போது ஆறிப்போய் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, கூப்பிட்டவரை அசடு வழிய வைக்கும்.

முதலில் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு அந்த ஃபுளோரைடால் தொந்தரவில்லை. அதே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் எமன். சுடுதண்ணீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் இன்ஜின் பிளாக்கிலும் படிகிறது. பழைய வண்டிக்காரர்கள் வழியில் கண்ட கிணற்றிலெல்லாம் மொண்டு ஊற்றியதன் பலன் அது.

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் மெதுவாக நகர்த்துங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் தட்டுப்பட்டால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

லேசான படிவுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் அடியிலுள்ள குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடித்துவிடுங்கள். அம்பாசடரில் பிளாக்கின் பக்கத்திலும் ஒரு வடிகால் உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை, சேறு முழுக்க அங்கேதான் தங்கும். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) கழற்றி வைத்துவிட்டு, லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி, 20 நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வடித்தால் செம்மண் குழம்பு போல வரும். நிறம் தெளியும்வரை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு முறை மட்டும் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து அலசுங்கள். பத்மினிக்கும் மாருதிக்கும் ஹெட் (இன்ஜின் பிளாக்கின் மேல்மூடி) அலுமினியம். ஆசிட்டை ராத்திரி முழுக்க ஊறவிட்டால் ஹெட்டையே அரித்துவிடும். கடைசியில் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. இதற்கும் மசியாத அடைப்பு என்றால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைத்துத் திரும்பத் தருவார்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதிது வாங்குங்கள். கூடுதல் அழுத்தம் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும். ஃபேன் பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை, "நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு?" என்று கழற்றி எறிவது பரவலான பழக்கம், ஆனால் தவறானது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஆயில் கெடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சந்தேகம் இருந்தால் அதை ஒரு நூலில் கட்டி அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, மிருதுவாகி, உள்ளே உரிந்து கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளை) போய் அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துருப்பிடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் வையுங்கள், குப்பை வருவது கண்ணில் படும். கலவை மெலிந்து (காற்று அதிகமாகி) இன்ஜின் கூடுதலாகச் சூடாகிறது, ஏற்றத்தில் இழுவை குறைகிறது என்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்க்கலாம்.

டோல்கேட் வரிசையில் வண்டி திக்கித் திணறி நிற்பது பெரும்பாலும் வேப்பர் லாக். இன்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பம்பும் பைப்பும் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். பானட்டைத் திறந்து, பம்பின் மேலும் அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப்பின் மேலும் ஈரத்துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். சைலென்சர் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) துணி படக்கூடாது. நிரந்தரத் தீர்வு, பைப்பை மேனிஃபோல்டை விட்டு விலக்கி வைப்பதும் நடுவில் ஒரு தகடு அடிப்பதும். டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் போடுகிறவர்கள் கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்பையே வாங்க வேண்டும், 3 பவுண்டு வாக்கில் இருந்தால் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பைப் போட்டால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பொங்கி வழியும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

டீ குடிக்க நிறுத்திய பின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது வேறு கதை. ஃபேன் நின்றதும் பானட்டுக்குள் சூடு கூடி, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். அந்த நேரத்தில் சோக்கை இழுப்பதும் ஆக்ஸிலரேட்டரை மாற்றி மாற்றி மிதிப்பதும் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக முழுதும் அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் காலை எடுங்கள். டீ வரும் வரை பானட்டைத் திறந்து வைத்தாலே இந்தத் தொல்லை பாதி குறையும்.

கிளம்பி கொஞ்ச தூரத்தில் இழுவை குறைந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறதா? பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசியில் தீரும் இந்த வியாதிக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மூன்றாவது கரண்ட். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பாயிண்ட் முகங்களைப் பிரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நலம். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் அதற்கு நேராகச் சின்ன மேடும் இருந்தால் குற்றவாளி கண்டென்சர். அதை விட்டுவிட்டுப் பாயிண்ட்டை மட்டும் உப்புத்தாளில் தேய்த்தால் கொஞ்ச நாளில் அதே குழி திரும்ப வரும். அம்பாசடரின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 வாக்கில். கேஜ் இல்லையென்றால் ஹேக்ஸா பிளேடு ஏறக்குறைய அந்த பிளக் கனத்தில்தான் இருக்கும். பாயிண்ட்டுக்கு அது ஆகாது, கேஜே வேண்டும். பாயிண்ட் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) பின்தங்கும். பின்தங்கிய டைமிங் இன்ஜினைச் சூடாக்கும். ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதையும் பாருங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால் கண்டதைக் கழற்றாதீர்கள். இரண்டே சோதனை, இதே வரிசையில். முதலில் பொறி: ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி, பழைய பிளக் ஒன்றை அதில் மாட்டி, பிளக்கின் உடல் இன்ஜினில் படும்படி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் படபடவென்று அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ வரவே இல்லையென்றாலோ கண்டென்சர், பாயிண்ட், ரோட்டார், காயில் என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். காயில் தொட முடியாத சூட்டில் இருந்து, ஆறியதும் பொறி வந்தால் அதுதான். பொறி இருந்தால் அடுத்து பெட்ரோல்: காயிலின் நடு ஒயரை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். பீச்சிப் பீச்சி வர வேண்டும். வராவிட்டால் பம்ப், ஃபில்டர், டேங்க் மூடி. வந்தால் கார்புரேட்டர் ஜெட்டில் தூசி. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்ப் டயப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்குள் போகிறது. ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஆவி பறக்க நின்றால் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, குறைந்தது 40 நிமிடம். பிறகு துணி போட்டுக் கால் சுற்று திருகி அழுத்தத்தை விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். அவசரத்தில் பச்சைத்தண்ணீரைக் கவிழ்த்தால் ஹெட் வளையும் அல்லது விரியும். அதன்பின் ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் இருந்தால், அல்லது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. டோ பண்ணுங்கள்.

டிக்கியில் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், பம்ப் கிட், அரை மீட்டர் பெட்ரோல் ஹோஸ், நான்கு கிளாம்ப், பிளக் ஸ்பேனர், தண்ணீர், மேற்சொன்ன கல்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் லாரிகள் எத்தனை விபத்து ஏற்படுத்தியிருக்கின்றன என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கார்க்காரரும் அதே தவறைச் செய்கிறார். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு, செங்குத்து என்றால் இரண்டாவதற்கு வாருங்கள். இன்ஜின் பிடித்து இறங்கட்டும். பிரேக்கைக் காலில் தொங்கவிடாமல், அழுத்தி வேகம் குறைத்து விட்டுவிடுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது. பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும்: டாட் 3 வகை புதிதாக 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரமேறியபின் 140 தான் அதன் அளவு. இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள்.

கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாகவும், பின்சக்கரங்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், இல்லை கசிந்து லைனர் நனைந்திருக்கும். மெதுவாகச் சேலம் போய், அந்த டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் திரும்பி ஏறாதீர்கள்.