நல்லவன், நல்லவள்: ஸ்பானியப் பெயரடையைப் பிடிக்கும் வழி

ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரடையில்தான். ஆங்கிலத்தில் 'ரெட் புக்', 'ரெட் புக்ஸ்' என்று 'ரெட்' அசையாமல் நிற்கும். தமிழில் 'சிவப்பு மேசைகள்' என்னும்போதும் அப்படித்தான். ஸ்பானியத்தில் பெயர் மாறினால் அடையும் மாறும். இது நமக்குப் புதிதல்ல. 'அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர்கள் நல்லவர்கள்' என்று பயனிலையில் விகுதி மாற்றுகிறோமே, அதையே ஸ்பானியம் எல்லா இடத்திலும், உயிரற்ற பொருளுக்கும்கூடச் செய்கிறது.

முதல் வேலை: பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' என்று முன்னே வரும் தனிச்சொல்லோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். புத்தகம் 'எல் லிப்ரோ', மேசை 'லா மேசா'. (போர்த்துக்கீசியரிடமிருந்து நம் 'மேசை'க்கு வந்ததும் இதே சொல்தான்.) 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் கை 'லா மானோ', நாள் 'எல் தியா', சிக்கல் 'எல் ப்ரொப்ளேமா'. ஈற்றை மட்டும் நம்புகிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள்.

அடுத்து, அடையைப் பெயருக்குப் பின்னால் வைத்து விகுதியைப் பொருத்துங்கள்:

லிப்ரோ ரோஹோ, லிப்ரோஸ் ரோஹோஸ்
மேசா ரோஹா, மேசாஸ் ரோஹாஸ்

ஒரே சிவப்புக்கு நான்கு உருவம். 'வெர்தே' (பச்சை), 'அசுல்' (நீலம்) போன்றவை பாலுக்கு மாறாது, எண்ணுக்கு மட்டும் 'வெர்தேஸ்', 'அசுலேஸ்' ஆகும். ஆண்பாலும் பெண்பாலும் கலந்து வந்தால் அடை ஆண்பால் பன்மை.

மிகவும் குழப்புவது தண்ணீர். 'அகுவா' பெண்பால், ஆனால் எழுதுவது 'எல் அகுவா ஃப்ரியா'. அழுத்தம் பெற்ற அகரத்தில் சொல் தொடங்குவதால், 'லா'வின் ஒலி அதோடு மோதாதிருக்க ஒருமையில் 'எல்' வருகிறது. பால் மாறவில்லை. அதனால் 'ஃப்ரியோ' என்று எழுதினால் பிழை. பன்மையில் 'லாஸ் அகுவாஸ் ஃப்ரியாஸ்'. இடையில் வேறு சொல் புகுந்தாலும் 'லா' திரும்பிவிடும்: 'லா மிஸ்மா அகுவா', அதாவது அதே தண்ணீர்.

சில அடைகளை முன்னால் வைத்தால் பொருளே மாறும். 'அமிகோ வியெஹோ' வயதான நண்பர், 'வியெஹோ அமிகோ' நெடுநாள் நண்பர். 'ஓம்ப்ரே கிராந்தே' பெரிய உருவமுள்ளவர். முன்னால் வந்து 'கிரான் ஓம்ப்ரே' என்று குறுகினால் மாமனிதர்.

ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது இந்தப் பழக்கத்தைக் கழற்றி வையுங்கள். அங்கே பெயர்ச்சொல்லே அடையாக நின்றாலும் பெரும்பாலும் பன்மை உதிரும். 'ஃபைவ் இயர்ஸ் பிளான்' தவறு, 'ஃபைவ் இயர் பிளான்' சரி. விகுதிக்குப் பதில் அங்கே வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்: அளவு, வயது, நிறம். 'எ பிக் ஓல்ட் ரெட் புக்' என்பதில் நிறத்தை முன்னே தள்ளி 'எ ரெட் ஓல்ட் பிக் புக்' என்றால், கேட்பவர் காதில் உடனே இடறும்.