கௌபி டெம்பே: திருகோணமலையில் கூட்டாகத் தொடங்கும் வழி

இறைச்சிக்குப் பதில் என்றால் இங்கே எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது சோயா மீட். ஆனால் நம் மாவட்டத்து மேட்டுநிலத்தில் விளைவது கௌபியும் பயறும் உழுந்தும். அவித்த சோயாவில் பங்கசு (பூஞ்சணம்) வளர்த்துக் கட்டியாக இறுகவைத்து இந்தோனேசியர் செய்யும் டெம்பேயைக் கௌபியிலும் செய்யலாம். ஒரே ஆள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டால்தான் சிக்கல். கௌபி வாங்கத் தெரிந்தவருக்குப் பங்கசு வளர்க்கத் தெரியாது. வளர்க்கத் தெரிந்தவருக்கு ஹோட்டலில் பேரம் பேச வராது.

ஆகவே மெஷின் பிறகு, ஆட்கள் முதலில். கௌபிக்கு ஒரு கமக்காரர் அமைப்பு, தயாரிப்புக்கு ஒரு மாதர் சங்கம், பரிசோதனைக்கு ஓர் ஆய்வுகூடம், விற்பனைக்கு ஒருவர். ஆய்வுகூடத்துக்கு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையோ கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்தையோ அணுகிப் பாருங்கள். நாலு பேரையும் கட்டிவைப்பது ஒரேயொரு தாள்: எந்த வயல், எந்த இனம், எத்தனை மணிக்கு ஊறவைத்தது, எத்தனை பாகை வெப்பம், என்ன பழுது. ஒவ்வொரு தொகுதியோடும் அந்தத் தாள் போக வேண்டும். பழுதான தொகுதியின் தாளை ஒளிப்பவர் கூட்டில் இருந்து பயனில்லை.

கௌபி வாங்கும்போது இனங்களைக் கலக்க விடாதீர்கள். வருணியையும் எம்.ஐ. 35ஐயும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கலாம். ஈரப்பதம் 12 வீதத்துக்குக் கீழே இருக்கட்டும். காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். சாதாரணச் சாக்கில் வைத்தால் வண்டு துளைத்துவிடும்.

இனிச் செய்முறை. 10 கிலோ கௌபியை மில்லில் இரண்டாக உடைத்து, இரவு 9 மணிக்கு ஊறவையுங்கள். 7 மணித்தியாலம் போதும். இங்கத்தைய சூட்டில் அதற்கு மேல் விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும். அதிகாலையில் கையால் பிசைந்து, மிதக்கும் தோலை வடித்து எடுங்கள். பிறகு 15 நிமிட அவியல். பருப்பை விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் வடிவம் குலையக் கூடாது. பெரும்பாலான தொகுதிகள் கெடுவது இந்த இடத்தில்தான்: களியாகிவிட்டால் பருப்புகளுக்கிடையே காற்றுப் போகாது, பங்கசுக்கு மூச்சில்லை.

வடித்ததைத் தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் விடுங்கள். கையில் ஒட்டும் ஈரம் போக வேண்டும். சூடு 35 பாகைக்கு இறங்கியதும் கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, பிறகு ஸ்டார்ட்டர் மாவை (பங்கசின் வித்துள்ள தூள்) தூவிக் கிளறுங்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிராம்; பக்கற்றில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒன்றரை சென்ரிமீற்றருக்கு ஒரு துளையிட்ட பொலித்தீன் பையில், இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாமல் அடையுங்கள்.

அடைக்கும் நேரம் காலை 8 மணியாக இருக்கட்டும். காரணம் உண்டு. முதல் 12 மணித்தியாலம் 30 பாகை தேவை. நம் பகல் வெயிலே அதைத் தந்துவிடும். அதன் பிறகு பங்கசு தானே சூடு கக்கத் தொடங்கும். 40 பாகையைத் தாண்டினால் அதுவே தன்னைக் கெடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டம் இரவில் வந்தால் தப்பலாம். மாலையில் அடைத்தால் அது மறுநாள் நண்பகலில், கச்சான் காற்றடிக்கும் நேரத்தில் வரும். பைகளை அடுக்காமல் கம்பித் தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். 24 முதல் 30 மணித்தியாலத்தில் வெள்ளைக் கட்டியாக இறுகிவிடும்.

கருப்புப் புள்ளி வந்தால் அது பங்கசின் வித்து முற்றியதன் அடையாளம். சாப்பிடலாம், விற்க அழகில்லை. வழுவழுப்பும் அமோனியா நெடியும் வந்தால் ஈரம் அதிகம், பக்ரீரியா முந்திவிட்டது. பச்சை, செம்மஞ்சள், ரோசா நிறம் கண்டால் முழுப் பையையும் வீசுங்கள். வெட்டியெடுத்துப் பார்க்கும் சிக்கனம் வேண்டாம்.

நல்லதை 10 நிமிடம் ஆவியில் அவித்து, ஆறவிட்டுப் பொதிசெய்யுங்கள். 4 பாகைக்குக் கீழே ஒரு கிழமை, உறையவைத்தால் 3 மாதம். காற்றகற்றிய பக்கற்றை வெளியே வைத்து விற்பது உயிராபத்து: காற்றில்லாத இடத்தில் பொட்டுலினம் பக்ரீரியா நஞ்சு உண்டாக்கும். குளிரூட்டி இல்லாத கடைக்குக் கொடுக்கவே கூடாது. பக்கற்றில் 'சமைத்தே உண்ணவும்' என்று எழுதுங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை இரண்டும் விற்பனைக்கு முன்பே முடியட்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சிறிய தயாரிப்பாளருக்கும் பொருந்தும்.

முதல் வாடிக்கையாளர் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள்தான். மே முதல் செப்ரெம்பர் வரை வரும் வெளிநாட்டவரில் பலருக்கு டெம்பே பழக்கமானது. ஊரில் 'பூஞ்சணம்' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள் (தோசை மா புளிப்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை). மிளகாய்த்தூள், உப்பில் பிரட்டிப் பொரித்த துண்டை முதலில் கையில் கொடுங்கள், பெயரைப் பிறகு சொல்லுங்கள்.

வேறு மாவட்டத்துக் குழு சேர விரும்பினால் ஸ்டார்ட்டரைப் பழைய கட்டியிலிருந்து கிள்ளிக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே வேறு கிருமிகள் கலந்துவிடும். ஆய்வுகூடத்திலிருந்து புதிதாகவே போகட்டும். கூடவே தாள்களின் பிரதியையும் கொடுங்கள். அவர்களின் முதல் 5 தொகுதி, ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம்.